வீட்டிலே துவக்கு

தம்பி,

முதலில் ஓரிடத்தில் இரு. அப்பா கடிதம் எழுதியிருக்கிறார் என்று கண்டதும் ஆரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பாய். ஒருத்தரும் சாகவில்லை. கொம்மா சுகம், அவவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. நான் சுகம், என் வாய் என்னைவிடச் சுகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கொப்பி வாங்கி, பேனை வாங்கி, மூன்று நாளாகக் குசினி மேசையில் முதுகை வளைத்துக்கொண்டு இருக்கிறான் என்றால் விசயம் பெரிது என்று விளங்கிக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் வாயைத் திறந்தால் எனக்குப் பகிடிதான் வருகிறது. நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், பிறகு நீ "சரி அப்பா, வேலைக்கு நேரமாச்சு, சாவோ" என்று விடை சொல்லி வைத்துவிடுவாய். இருபத்தொரு வருசமாக ஒரு விசயத்தைச் சொல்லாமல் இப்படித்தான் தப்பிக்கொண்டு வருகிறேன்.

விசயம், சின்யோரா உன் கலியாணத்துக்குத் தரப்போகிறேன் என்று நிற்கிற வேட்டைத் துவக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ அவவுக்கு ஓம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லு என்று கேட்கத்தான் இவ்வளவு பாடும். கேட்கிறேன் என்றுதான் எழுதுகிறேன், கவனி. பொலோஞ்ஞாவில் பஸ் ஓட்டுகிறவனுக்கு, அதுவும் அடுத்த மாதம் மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு, சின்யோரா வீட்டுக் குளியலறை கழுவுகிற தகப்பன் உத்தரவு போட முடியுமா?

சின்யோராவை உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப் போகிறார்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதனால் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இங்கே பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் அவவின் வீடு. இருபத்துநாலு வருசமாக அதைத் துடைக்கிறேன். ஊரில் விளக்குமாற்றின் தலை எது கால் எது என்று தெரியாமல் வளர்ந்த ஆம்பிளை நான். இப்போது சலவைக்கல்லில் விழுந்த கோப்பிக் கறையைப் பார்த்து அது எந்தக் கிழமை விழுந்தது என்று சொல்லுவேன். அவவின் புருசன், பெரியவர், நல்ல மனிசன். வேட்டைப் பைத்தியம். ஒவ்வொரு பருவத்துக்கும் தொப்பி போட்டு, சப்பாத்துப் போட்டு, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு முயல் சுடப் போவார். அவர் முயலோடு திரும்பியதை ஒருத்தரும் கண்டதில்லை. முயல்கள்தான் அவரைக் கண்டு சிரித்திருக்கும். அந்தத் துவக்கு அவருடைய அறைச் சுவரில் தொங்குகிறது. வியாழக்கிழமை தோறும் தூசி தட்டுகிறது என் வேலை. கையில் துணி, மனதில் பிள்ளையார்.

சனிக்கிழமைகளில் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். பெரியவர் தோட்டாவைக் கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டு, துவக்கை உன் கையில் தருவார். உன்னை விட அது நீளம். ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னால் நீ இரண்டு கண்ணையும் மூடுவாய். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவரின் செத்தவீட்டில் அவர் பெற்ற பிள்ளைகளை விட நீதான் கூட அழுதாய். அதெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. நீ துவக்குக்கு ஆசைப்படவில்லை, அந்த மனிசனுக்கு ஆசைப்படுகிறாய்.

இப்போது சின்யோரா வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு கத்தானியாவுக்குப் போகிறா. துவக்கு உனக்கு, நீ வேண்டாம் என்றால் போலீசில் குடுக்கிறது, அவர்கள் உடைத்துப்போடுவார்கள் என்று சொல்லிவிட்டா. நான் போனில் சொன்னவுடன் நீ என்ன சொன்னாய்?

"அப்பா, சூப்பர்! எங்கடை புது வீட்டிலை சோபாவுக்கு மேலை மாட்டினா வடிவாய் இருக்கும். பேப்பர் எல்லாம் நான் எடுக்கிறன். நான் இப்ப இத்தாலிப் பிரசைதானே!"

நானும் சிரித்தேன். குவெஸ்துரா என்கிற போலீஸ் கந்தோரில் பெர்மெசோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதிப் பேப்பர், எடுக்கிறதுக்கு விடிய விடிய வரிசையில் நின்று கால் வீங்கின பரம்பரை நாங்கள். அதே மாதிரி ஒரு கட்டடத்துக்கு என் மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், துவக்கு வைத்திருக்கப் பேப்பர் தாருங்கோ என்று கேட்கப்போகிறான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். போன ஞாயிறு பின்னேரம் நாலு மணி வரைக்கும் பெருமையாக இருந்தது.

நாலு மணிக்கு என்ன? ஜெனியின் வகுப்பு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உன் பின்வாங்கில் இருந்த மன்னார்ப் பிள்ளை, ஞாபகம் இருக்கா? அல்பெர்கேரியா ஒழுங்கைகளில் பிறந்து வளர்ந்தது. இப்போது வீட்டில் அடி வாங்குகிற பெண்களுக்கு உதவி செய்கிற ஒரு இடத்தில் மொழிபெயர்க்கிறாள். எங்கள் சனத்துக்கும் இதைப்பற்றிக் கதைக்க வேண்டும், வீட்டுக்குள் நடக்கிற வன்முறை, வீட்டுக்குள் ஆயுதம் இருந்தால் என்ன நடக்கும், எல்லாம் கதைக்க வேண்டும் என்று ஒரு படித்த இத்தாலிக்காரத் தொத்தோரெசாவையும் பிடித்து, மாதா கோயில் மண்டபத்தையும் கேட்டு எடுத்து, தானே தமிழில் ஒரு அறிவித்தலும் எழுதிப் பல்லரோச் சந்தையில் உள்ள தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டிவிட்டாள். எழுதமுதல் தாயிடம் போய் "அம்மா, சுடுறதுக்குத் தமிழ்ப்பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். தாய் "துவக்கு" என்றிருக்கிறா. சரியான சொல்தான். இந்தியாக்காரர் துப்பாக்கி என்பார்கள், நாங்கள் துவக்கு என்போம். ஆனால் துவக்கு என்றால் தொடங்கு என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று பிள்ளைக்கு ஆர் சொல்லிக்கொடுத்தது? போதாக்குறைக்கு ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறாள்.

கொட்டை எழுத்தில் இருந்தது இப்படி: "வீட்டிலே துவக்கு! குடும்பங்களுக்கான கலந்துரையாடல். ஞாயிறு மாலை நாலு மணி."

பார்த்த சனமெல்லாம் என்ன நினைக்கும்? வீட்டில் இருந்தபடியே தொழில் துவக்கிறதுக்கு ஆரோ வழி காட்டப்போகிறார்கள் என்று மண்டபம் நிரம்பிவிட்டது. ஒரு மனிசி தைத்த சட்டைகளோடு வந்திருந்தா. கேக் அடிக்கிற ஒரு பிள்ளை போனில் படங்களோடு வந்திருந்தது. முன்வரிசையில் ஆர்? எங்கள் குணம் அண்ணை. ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டே, வீட்டில் ரோல்ஸ் சுட்டு விற்று முதலாளியாகிறதாகக் கனவு காண்கிற மனிசன். மடியில் ஒரு பெரிய பை.

ஜெனிக்குச் சனத்தைக் கண்டு கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பேர் வருவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. இந்தப் பிரச்சினை எல்லாற்றை வீட்டிலையும் இருக்கு எண்டு இப்பத்தான் விளங்குது."

"ஓம் பிள்ளை," என்றார் குணம் அண்ணை. "எல்லாருக்கும் ஆசை இருக்கு. வழிதான் தெரியேல்லை."

ஜெனியின் முகம் ஒரு மாதிரிப் போனது. "அங்கிள், உங்களுக்கு… எவ்வளவு காலமா?"

"பத்து வருசமாத் துவக்க வேணும், துவக்க வேணும் எண்டு நிக்கிறன். மனிசிதான் விடுறாள் இல்லை."

என்ன சொல்கிறார் என்று தொத்தோரெசா இத்தாலியனில் கேட்டா. ஜெனி மெல்லக் குனிந்து சொன்னாள்: இந்த ஆள் பத்து வருசமாகத் துவக்கு வேண்டும் என்று நிற்கிறாராம், பெண்சாதிதான் தடுத்து வைத்திருக்கிறாவாம். தொத்தோரெசாவின் பேனை நின்றுவிட்டது. மனிசன் நிற்கவில்லை.

"சாமானெல்லாம் வாங்கிக் குசினி அலுமாரியிலை அடுக்கி வைச்சிட்டன் பிள்ளை. முதல்லை சொந்தக்காரருக்குக் குடுத்துப் பாப்பம். அவை தாங்கினா, பிறகு வெளியாக்களுக்கு."

எனக்கு முதலே விளங்கிவிட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. இப்படி ஒரு விருந்தை ஆராவது கெடுப்பானா? கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு இருந்தேன். குணம் அண்ணை "இண்டைக்கும் கொஞ்சம் கொண்டந்தனான், பாருங்கோவன்" என்று பைக்குள் கையை விட்டார். தொத்தோரெசா எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. ஜெனி குறுக்கே பாய்ந்தாள். பைக்குள் இருந்து வந்தது ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

அதற்குப் பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த ஆட்களே எட்டிப் பார்த்தார்கள். தொத்தோரெசா மூன்று ரோல்ஸ் சாப்பிட்டா, பாவம், பயத்துக்கு. குணம் அண்ணையின் பேரை இதில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதட்டாம், ரோல்ஸுக்கு விளம்பரமாம்.

ரோல்ஸ் முடியும் மட்டும் ஒருத்தரும் அசையவில்லை. அதற்குள் ஜெனி கதவை மறித்துக் கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள். கெட்டிக்காரி. "சரி, அறிவித்தல் என்ரை பிழை. ஆனா வந்திட்டீங்கள், இருந்து கேட்டிட்டுப் போங்கோ. ஆற்றையும் வீட்டிலை உண்மையான துவக்கு இருக்கோ?"

"எடி பிள்ளை, துவக்குக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்," என்று ஒருத்தர் பின்னால் இருந்து சொன்னார். உண்மைதான். எங்கள் பக்கத்தில் துவக்கு ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டில் ஒருத்தர் குறைவார். அது எந்தப் பக்கத்துத் துவக்கு என்பது முக்கியமில்லை.

நான் சும்மா இருப்பேனா? "நான் வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒண்டைத் துடைக்கிறன். வாற மாசம் அதுக்கும் கலியாணம், என்ரை மகன்ரை வீட்டுக்குப் போகுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெனி சிரிக்கவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள். கடைசியாக வீட்டில் கோபம் தலைக்கு ஏறி நின்ற நேரம், உங்கள் கைக்குக் கிட்ட என்ன இருந்தது? ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கோ.

டிவி ரிமோட் என்றார் ஒருவர். செருப்பு என்றார் இன்னொருவர். சட்டை தைக்கிற மனிசி, "அகப்பை. அண்டையிலை இருந்து இவர் ரெண்டாந்தரம் சோறு கேக்கிறேல்லை" என்றா. என் முறை வந்தது. எனக்குக் கேட்கவும் வேண்டுமா? என்னிடம் இருக்கிறதே அந்த ஒரு கதைதான்.

உனக்குத் தெரிந்த கதை. பறந்த உரல். எங்கள் பழைய வீட்டில் இடியப்ப உரலுக்கு ஒருநாள் இறக்கை முளைத்துப் பறந்து போய் ஃபிரிட்ஜில் மோதியதும், ஃபிரிட்ஜ் "ஐயோ" என்று வாயைத் திறந்ததும், உள்ளே இருந்த முட்டைகள் பயந்து ஒன்றையொன்று கட்டிப்பிடித்ததும். உன் பிறந்தநாள் எல்லாவற்றிலும் சொன்னேன். குணம் அண்ணையின் பேத்தியின் சாமத்தியவீட்டில் மைக் பிடித்துச் சொன்னேன். நீயே மதுராவை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அதே பழைய ஃபிரிட்ஜில் உள்ள நெளிவைத் தொட்டுக் காட்டி, "இதுதான் விமான நிலையம்" என்று அவளுக்கு விளங்கப்படுத்தினாய். மண்டபத்திலும் சொன்னேன். வழக்கம் போலச் சனம் வயிற்றைப் பிடித்தது.

ஜெனி சிரிப்பு அடங்கும் மட்டும் பொறுத்திருந்தாள். பிறகு, பக்கத்துக் கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அப்ப அன்ரி எங்கை நிண்டவ அங்கிள்?"

இருபத்தொரு வருசத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை தம்பி. நீயும் கேட்கவில்லை. உரல் எங்கே நின்றது, ஃபிரிட்ஜ் எங்கே நின்றது, முட்டை எங்கே இருந்தது, எல்லாம் என் கதையில் இருக்கிறது. கொம்மா இல்லை. அவ எனக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நின்றா.

நடந்ததை இப்போது இறக்கை இல்லாமல் எழுதுகிறேன். உனக்கு ஏழு வயது. நான் விடியப் போய்க் குவெஸ்துரா வரிசையில் நின்றேன். பன்னிரண்டு மணிக்கு என் முறை வந்தபோது, ஒரு போட்டோக்கொப்பி குறைகிறது, திரும்ப வா என்று யன்னலைச் சாத்தினார்கள். வீட்டுக்கு வந்தேன். கொம்மா இடியப்பம் பிழிந்துகொண்டு நின்றா. "ஒரு போட்டோக்கொப்பியைக் கூடப் பாத்து எடுத்துக்கொண்டு போகத் தெரியாதோ?" என்றா. அவ்வளவுதான். குவெஸ்துரா யன்னலுக்குச் சொல்ல முடியாததை எல்லாம் என் கை கொம்மாவுக்குச் சொல்லப் போனது. அவவின் கையில் இருந்த உரலைப் பறித்து எறிந்தேன். அது மணிக்கட்டில் பட்டுத்தான் ஃபிரிட்ஜுக்குப் போனது. நீ மேசைக்குக் கீழே கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். "அப்பா, என்ன சத்தம்?" என்று தலையை நீட்டினாய். எனக்கு வாயில் வந்தது, "உரல் பறந்திட்டுது மோனை." நீ சிரித்தாய். நீ சிரித்ததைக் கண்டு கொம்மாவும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் கொம்மாமேல் கை நீட்டியது அந்த ஒரே ஒரு தரம்தான்.

அந்த வியாழக்கிழமை கொம்மா சின்யோரா வீட்டில் உடுப்பு அயன் பண்ண வந்தா, கையில் துணி கட்டிக்கொண்டு. என்ன நடந்தது என்று சின்யோரா கேட்டா. "படியிலை விழுந்திட்டன்" என்றா கொம்மா. நல்ல பொய். ஒரே ஒரு குறை, அப்போது நாங்கள் இருந்தது நிலத்தோடு சேர்ந்த ஒற்றை அறை வீடு. வாசலில் ஒரு படியும் கிடையாது. உனக்குச் சைக்கிள் கொண்டுவந்து தந்தபோது சின்யோரா அதை நேரிலேயே பார்த்திருக்கிறா. அவ என்னை ஒருக்காப் பார்த்தா. அன்றிலிருந்து இத்தாலியனில் என்னோடு "நீ" போட்டுக் கதைக்கிறதை விட்டுவிட்டு "நீங்கள்" போட்டா. எங்களுக்கு "நீங்கள்" என்றால் மரியாதை. அவ தந்தது வெளியில் நில் என்கிற "நீங்கள்". வருசம் திரும்பும் மட்டும் அப்படியே இருந்தது. நான் என்ன செய்தேன்? எனக்குச் சம்பளம் கூட்டவில்லை, மரியாதை கூட்டிவிட்டா என்று குணம் அண்ணைக்குப் பகிடி விட்டேன். பார், அதையும் பகிடியாக்கி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் ஜெனி சொன்னதில் எனக்கு விளங்கியது இரண்டு. ஒன்று, "கோவத்தை ஒரு நாளிலை மாத்தேலாது அங்கிள். கைக்குக் கிட்ட இருக்கிறதை ஒரு நாளிலை மாத்தலாம்." வீடு வரும் மட்டும் அதை யோசித்துக்கொண்டு வந்தேன். அன்று என் கைக்கு எட்டியது உரல். கோபம் முழுக்கோபம், அரைக்கோபம் இல்லை. உரலுக்குப் பதிலாகச் சுவரில் பெரியவரின் துவக்கு தொங்கியிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கமாட்டேன் என்று இந்த இடத்தில் சத்தியம் பண்ணி எழுதலாம் என்று பார்த்தேன். பேனையை வைத்துவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டேன். குடித்துவிட்டு வந்து இருந்தேன். சத்தியம் வரவில்லை.

மற்றது, நீ சொல்லப்போகிற மறுமொழிக்கு அவள் முன்கூட்டியே சொன்ன மறுமொழி. தோட்டா இல்லாமல் சும்மா வடிவுக்குத்தானே தொங்கப்போகிறது என்று நான்தான் உனக்காகக் கேட்டேன். "சுடத் தேவையில்லை அங்கிள்," என்றாள். "கோவத்திலை கதைக்கேக்கை ஒருக்கா அதைத் திரும்பிப் பாத்தாலே காணும். அதுக்குப் பிறகு அந்த வீட்டிலை மனிசி வாய் திறக்காது." சோபாவுக்கு மேலே துவக்கு என்றாய். சோபாவில் ஆர் இருக்கிறது? மதுரா. அவளை ஒரு சொல் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். நானும் கேட்கவில்லை. துவக்கு எந்தச் சுவர், எந்த ஆணி என்று தகப்பனும் மகனும் கதைத்து முடித்துவிட்டோம்.

நீ நல்ல பிள்ளை. உன்னைக் குறை சொன்னால் ஊர் என்னோடு சண்டைக்கு வரும். ஆனால் என்னையும் நல்லவன் என்றுதான் ஊர் சொல்கிறது, கேட்டுப்பார். போன வருசம் பலெர்மோ டீம் தோற்ற அன்று உன் போன் சுவரில் பட்டு நொறுங்கியது. கடையில் வாங்கின புதுப் போனில் எனக்கு எடுத்து, "அப்பா, பழைய போன் பறந்திட்டுது" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, என் மகன் என் பகிடியைப் பிடித்துவிட்டான் என்று. பின்னால் மதுராவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. போன ஞாயிறு வரை அது எனக்கு வெறும் சிரிப்பு. இப்போது படுத்தால் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. அது கொம்மா சிரித்த மாதிரி இருந்தது.

ஆகவே சின்யோராவுக்குப் போன் எடுத்து, துவக்கை உடைக்கிற ஆட்களிடமே குடுங்கோ என்று சொல்லு. பெரியவரின் ஞாபகம் வேண்டுமென்றால் அவரின் வேட்டைத் தொப்பியைக் கேள். காதை மூடுகிற பச்சைத் தொப்பி. அதால் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வராது, போட்டால் உனக்குத்தான் வெட்கக்கேடு. மதுரா நன்றாகச் சிரிக்கட்டும், பயமில்லாமல்.

இதை மண்டபத்து மலரில் போடட்டுமா என்று ஜெனி கேட்டாள். எங்கள் பேர் இல்லாமல், மதுராவின் பேரையும் மாற்றி என்றால் போடு என்றேன். அடுத்த வகுப்புக்கு அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் பிழை திருத்தப் போகிறான், காலத்தைப் பார்.

இவ்வளவும் எழுதி முடித்து இன்று பின்னேரம் கொம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. குணம் அண்ணை பைக்குள் கை விட்ட இடத்தில் நன்றாகச் சிரித்தா. சின்யோராவின் "நீங்கள்" வந்தபோது, "அவவுக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்" என்றா. பிறகு என்னை மறித்து, உரல் வந்த பக்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். ஒரே ஒரு தரம்தான் என்ற இடத்தில் மடிக்கிறதை நிற்பாட்டினா.

"ரெண்டு தரம்," என்றா.

"என்ன ரெண்டு?"

"ரெண்டு தரம். நீங்கள் ஒண்டெண்டு எழுதியிருக்கிறியள்."

"மற்றது எப்ப?"

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. கோபம் இல்லை. நான் உண்மையாகத்தான் கேட்கிறேனா என்று பார்க்கிற பார்வை. "உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?" என்றா.

இல்லை தம்பி. மூன்று முறை கேட்டேன். எந்த வீடு, எந்த வருசம், எதற்காக? "பிள்ளை கேக்கட்டும், பிள்ளைக்குச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தா.

மேலே எழுதியதை நான் வெட்டவில்லை. அப்படியே கிடக்கட்டும், நான் எப்படிப்பட்ட சாட்சி என்று நீயும் வாசிக்கிற ஆட்களும் பார்க்கட்டும். என்னுடைய ஞாபகத்தை நம்பி நீ ஒரு முடிவும் எடுக்காதே. சனிக்கிழமை காலமை பத்து மணிக்குக் கொம்மாவுக்குப் போன் எடு. மதுராவையும் பக்கத்தில் வைத்துக்கொள், ஸ்பீக்கரில் போடு. நான் வீட்டில் இருக்கமாட்டேன். பல்லரோவில் மீன்காரனோடு விலை பேசிக்கொண்டு நிற்பேன், அவ சொல்லி முடிக்கும் மட்டும் நிற்பேன். அவ சொல்லுகிறதை முழுக்கக் கேள். நடுவில் சிரிக்காதே.

அப்பா